ஒரு சாண் கயிறு

சாலைக்குக் குறுக்கே கிடந்த முதல் புளியமரம் கண்ணாயிரமே ஆள் சேர்த்து வெட்டிச் சாய்த்தது. அதனால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டியபோது அவருக்கு அலுப்பு வரவில்லை. சங்கராபுரத்துக்கு அப்பால் மற்ற ஊர்க்காரர்கள் வெட்டிப்போட்ட மரங்கள் வர வரத்தான் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. பஸ் இல்லை, லாரி இல்லை. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சனத்துக்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுப் புரட்டாசி பிறந்த கையோடு ஊர் ஊராக ரோட்டில் இறங்கியிருந்தார்கள். விழுப்புரம் பக்கம் போலீஸ் சுட்டுவிட்டது என்று பேச்சு. செத்தவர்கள் எத்தனை பேர் என்பது ஊருக்கு ஊர் மாறியது.

கண்ணாயிரம் மூங்கில்துறைப்பட்டில் கரும்பு போடுகிறவர். பேச்சு குறைவு. ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்வதற்குள் கேட்டவன் வெற்றிலை போட்டு முடித்துவிடுவான் என்று சர்க்கரை ஆலைப் பக்கம் கேலி செய்வார்கள். அன்றைக்கு அவர் போய்க்கொண்டிருந்தது, கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் தங்கை கண்ணகியின் வீட்டுக்கு. காரியம் ஒன்றுதான். தங்கையின் மூத்த பெண் மணிமொழியைத் தன்னோடு கூட்டிவந்து பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பதினோரு வயதுப் பெண் பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அவளும் சின்னவள் இசைவாணியும் வீட்டிலேயே அம்மாவிடம் படிக்கிறார்களாம். அதுகூடப் பரவாயில்லை. குடும்பமே கயிறு கட்டிக்கொண்டு பாறை ஏறுகிறதாம்.

மறியல் பந்தலில் இந்தப் பேச்சை எடுத்தவன் அய்யனார். எலவனாசூர்கோட்டையிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவன், வாய் சும்மா இருக்காது.

"கண்ணாயிரண்ணே, நாம மரத்த வெட்டிப் போட்டுக்கினு படிப்புக்கு எடம் கேக்கறோம். ஒன் தங்கச்சி புள்ளைங்க கொரங்காட்டம் பாற ஏறிக்கினு இருக்குதுங்களாமே? நாளைக்கி கெவுருமெண்டு எடத்த குடுத்தா, ஒக்கார ஆளு வேணாமா?"

பந்தலே சிரித்தது. கண்ணாயிரம் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. மரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கிப் போயி பெரியவள இட்டுக்கினு வந்துடறேன்" என்றார். சொன்னதைச் செய்கிறவர் என்பதால் யாரும் மேலே பேசவில்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மாட்டுக்கொட்டகையின் மண்சுவர் முழுக்கச் சுண்ணாம்புக்கட்டியால் தென்னாற்காடு மாவட்டத்தை வரைந்து வைத்திருந்தார்கள். இசைவாணி அதில் சின்னச் சின்னச் சிலுவைகள் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வயது. முன்பல் இரண்டும் இல்லை.

"மாமா! நீங்க வந்த வழியில எங்கெங்க மரம் கெடந்துச்சு? சொல்லுங்க, போடணும்."

சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் ஒவ்வொரு ஊராகச் சொன்னார். தன் ஊரைச் சொல்லும்போது மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டார். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மணிமொழி எழுந்து, "வாங்க மாமா" என்றாள். கையில் சுண்ணாம்புக்கட்டி. இடது கையில். ஒல்லியான பெண், ஆனால் முன்னங்கையில் நரம்பு தெரிந்தது, களை வெட்டுகிற பெண்களுக்குத் தெரிவது போல.

"மாப்ள எங்க?" என்றார், தண்ணீர் கொண்டுவந்த கண்ணகியிடம். அவள் புருஷன் காசிநாதன் பட்டாளத்தில் இருந்து வந்தவர். வடக்கே பனிமலைகளில் கயிறு கட்டி ஏறிப் பழகியவர்.

"வேலூருக்குப் போனாருண்ணா, பென்ஷன் விஷயமா. மறியல்ல மாட்டிக்கினாரு. திருவண்ணாமலைலேர்ந்து நடந்து வரேன்னு ஆளு மூலமா சொல்லி அனுப்பியிருக்காரு. மரத்த வெட்டினவன் நல்லா இருப்பானா?" என்று சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குத் தெரியும்.

சாப்பாடு ஆனதும் கண்ணாயிரம் வந்த விஷயத்தைச் சொன்னார். பந்தலில் அய்யனார் பேசியதையும் சொன்னார். கண்ணகி பாத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த வாத்தியாரு இவ நொட்டாங்கைய ரிப்பன் போட்டு பெஞ்சோட கட்டி வெச்சாரு. உனுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். வேற இஸ்கூலு, வேற வாத்தியாரு."

"நானும் டீச்சர் ட்ரெய்னிங் படிச்சவதாண்ணா. ஒரு வருஷம் வேலயும் பாத்தவ. இஸ்கூல கொற சொல்லல. ஆனா இவ அன்னியிலேர்ந்து பேசறத வுட்டுட்டா. எழுதச் சொன்னா ஜொரம் வரும். பாறைக்கு இட்டுக்கினு போயி அவங்க அப்பா ஏத்தின அன்னிக்கித்தான் வாயத் தொறந்தா. பாறைக்கு சோத்தாங்கை, நொட்டாங்கை தெரியாதுண்ணா. எந்தக் கை எட்டுதோ அதான் கை."

கண்ணாயிரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எட்டாவது தனித்தேர்வு எழுத வெப்பேன். அதுக்கு அப்பறம் எங்க படிக்கணும்னு அவளே சொல்லட்டும்."

"ஊரு சிரிக்குது கண்ணகி."

"சிரிக்கட்டும். நீ சிரிச்சியா?"

கண்ணகி எழுந்தாள். "காலைல பாறைக்கு வா. பாத்துட்டு, அதுக்கப்பறமும் கூட்டிக்கினு போறேன்னு சொன்னா, நான் குறுக்க நிக்கல. நீ மாமன்."

உள்ளே விளக்கு வெளிச்சத்தில் மணிமொழி தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். இங்கே பேசியது அங்கே கேட்டிருக்கும் என்று கண்ணாயிரத்துக்குத் தோன்றியது.

பானைப்பாறை கிட்டத்தில்தான் இருந்தது. கம்பங்கொல்லையைத் தாண்டி, ஓடையைத் தாண்டினால், கல்வராயன் மலையிலிருந்து பிரிந்து தனியாக வந்து உட்கார்ந்தது போல ஒற்றைக் கருங்கல். பனைமரத்தைவிட உயரம். நடுவில் வயிறு மாதிரி வெளியே தள்ளியிருந்ததால் அந்தப் பெயர். முன்பக்கம் செங்குத்து, பின்பக்கம் ஆடுகூட ஏறும்.

கண்ணாயிரம் அங்கே பார்த்தது, அவர் நினைத்துக்கொண்டு வந்த குரங்கு விளையாட்டு இல்லை. கண்ணகி கயிற்றைச் சாக்கின் மேல் விரித்து முழுக்க விரலால் தடவிப் பார்த்தாள். எங்கேயாவது நூல் பிரிந்திருக்கிறதா என்று. அவள் தடவி முடித்த இடத்தை மணிமொழி தடவினாள். அவள் முடித்ததை இசைவாணி தடவினாள். கோயிலில்கூட அந்தக் குடும்பம் இவ்வளவு அமைதியாக நின்று அவர் பார்த்ததில்லை.

பிறகு கண்ணகி மணிமொழியின் தோளைத் தொட்டபடி அவரிடம் திரும்பினாள்.

"காது குத்தறப்ப இவ ஒன் மடியிலதான் ஒக்காந்தா. இன்னிக்கி கயித்தயும் நீயே புடி."

"நானா?"

"அவரு இருந்தா அவரு புடிப்பாரு. நான் கீழ நிக்கணும், அந்த வயித்துகிட்ட கால் வெக்கற எடத்த கீழேர்ந்து பாத்துத்தான் சொல்ல முடியும். கெணத்துல இத்தினி வருசம் தண்ணி எறச்ச கையி ஒன்னுது. பயப்படாத."

பயம் என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் பின்பக்கமாக ஏறி உச்சிக்குப் போவதற்குள் துண்டை இரண்டு தடவை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். உச்சியில் பாறை வெடிப்பில் வேர்விட்டு ஒரு கல்லிச்சி மரம். இசைவாணியை முதலில் அதில் கட்டினாள் கண்ணகி. விளிம்பு வரை போய் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கயிறு விட்டு. கண்ணாயிரம் தன்னைத் தானே அதே மரத்தில் கட்டிக்கொண்டார். கை பழக்கத்தில் போட்ட முடிச்சு.

இசைவாணி தவழ்ந்து வந்து அவர் இடுப்பு முடிச்சைப் பார்த்தாள். "மாமா, இன்னா இது? மாட்டு முடிச்சு! ஒரு இழுப்பு இழுத்தா உருவிக்கும்."

"ஏய், பெரியவங்கள..." என்று ஆரம்பித்தார்.

"சின்னவங்கதான் பெரியவங்க முடிச்சப் பாக்கணும். அப்பாவுதயே நான்தான் பாப்பேன். அது ரூலு."

கண்ணகி சிரிக்காமல் வேறு முடிச்சுப் போட்டுக் காட்டினாள். ஆபத்து வந்தால் சட்டென்று மாட்டை அவிழ்த்துவிடுவதற்கென்று போடுகிற முடிச்சைத் தன் இடுப்பில் போட்டுக்கொண்டதை நினைத்துக் கண்ணாயிரத்துக்கே சிரிப்பு வந்தது. கண்ணகி, கீழே மணிமொழியின் இடுப்புக்குப் போகிற கயிற்றை அவர் முதுகைச் சுற்றிக் கொடுத்தாள். குதிகாலைப் பாறைக் குழியில் ஊன்றி உட்காரச் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணுதாண்ணா. கயிறு தளர்ந்தா எடுத்துக்கோ. எறுகினா சும்மா இரு. வலது கைய மட்டும் எந்தக் காலத்துலயும் வுடாத."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மணிமொழியின் குரல் வந்தது.

"கயிறு?"

"இருக்குன்னு சொல்லுங்க மாமா" என்றாள் இசைவாணி.

"இருக்கு" என்றார் கண்ணாயிரம்.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. பாறையின் வயிறு மறைத்ததால் அவருக்கு மணிமொழி தெரியவில்லை. கண்ணகி தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் விளிம்பைத் தாண்டிக் கீழே போகிற கயிறு மட்டும். தூரத்தில் கோமுகி அணைத் தண்ணீர் தகடு மாதிரிக் கிடந்தது. கயிறு ஒரு விரற்கடை தளரும், அவர் எடுத்துக்கொள்வார். மறுபடி அசையாது. அசையாமல் இருக்கிற அந்த நேரத்தில் அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று அவர் மனசு ஓடியது. பார்க்கிறாள். எந்தக் கை, எந்தக் கால் என்று யோசிக்கிறாள். அவசரப்படவில்லை. கேள்வி கேட்டவன் வெற்றிலை போட்டு முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு யோசிக்கிற ஆள் தன் குடும்பத்தில் தான் ஒருவர்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். கயிறு வழியாக இன்னொரு ஆள் தெரிந்தது. கயிறு மெல்லத் தளர்ந்தது. ஏதோ ஒன்று முடிவாகியிருக்கிறது. எடுத்துக்கொண்டார்.

"வயித்துகிட்ட வந்துட்டா" என்று இசைவாணி கிசுகிசுத்தாள். "இங்கதான் கஷ்டம். போன வாரம் அக்கா தாண்டல."

கீழேயிருந்து கண்ணகியின் குரல் தெளிவாக வந்தது. "வலது காலுக்கு ஒரு முழம் மேல, சின்ன பல்லு மாதிரி."

"பாத்துட்டேம்மா."

அடுத்த கணம் கயிறு வெட்டி இழுத்தது. முதுகில் சாட்டை விழுந்தது போல இருந்தது கண்ணாயிரத்துக்கு. அவள் விழுந்துவிட்டாள், கயிற்றில் தொங்குகிறாள் என்று புத்திக்கு எட்டுவதற்கு முன்னால் கைகள் வேலையை ஆரம்பித்துவிட்டன. கிணற்றில் நீச்சல் பழகுகிற பிள்ளை முழுகினால் இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். அவர் ஊரில் யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரும் இழுத்தார். குதிகாலை ஊன்றி, பல்லைக் கடித்து, உடம்பில் இருந்த அவ்வளவு பலத்தையும் போட்டு இழுத்தார்.

"மாமா, இழுக்காதீங்க! மாமா!"

இசைவாணி கத்தியது அவர் காதில் விழவில்லை. இன்னும் ஒரு பிடி இழுத்தார். கீழே பாறையில் எதுவோ உரசுகிற சத்தம்.

"மாமா."

இது மணிமொழி. அந்தக் குரலில் அழுகை இல்லை, அவசரம் இல்லை. ராத்திரி விளக்கடியில் தங்கைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே குரல்.

"மாமா, நான் நல்லா இருக்கேன். நீங்க இழுக்கறதால நான் வயித்துக்கு அடியில மாட்டிக்கினு இருக்கேன். தோளு இடிக்குது. இழுக்க வேணாம்."

அவர் நிறுத்தினார். மூச்சு இரைத்தது.

"இப்ப ஒரு சாண் வுடுங்க."

கண்ணாயிரம் அசையவில்லை. ஒரு பிள்ளை அந்தரத்தில் தொங்குகிறது. அதன் உயிர் இந்தக் கையில் இருக்கிறது. விடு என்கிறது. இழுக்கச் சொன்னால் மலையையே இழுத்திருப்பார். இருக்கிற கரும்பு நிலத்தை எழுதிக் கேட்டால் கொடுத்திருப்பார். விடு என்றால் எப்படி விடுவது? விரல்கள் கயிற்றில் ஒட்டிக்கொண்டது போலக் கிடந்தன. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அணைப் பக்கமிருந்து காற்று வந்து கல்லிச்சி இலைகளைப் புரட்டிவிட்டுப் போனது.

"மாமா," என்றாள் மணிமொழி மறுபடி, கொஞ்சம் தாழ்ந்த குரலில். "கயிறு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இருக்கு."

சொன்னபடியே வலது கையை இறுக்கி, பிறகு அணு அணுவாக நெகிழவிட்டார். கயிறு உள்ளங்கைத் தோலைச் சீவிக்கொண்டு போனது. ஒரு சாண். நின்றார். பாரம் அப்படியே இருந்தது. பிறகு அது ஆடியது, ஒரு பக்கமாகப் போனது, சட்டென்று பாரமே இல்லாமல் போனது.

"புடிச்சிட்டா!" இசைவாணி குப்புறப் படுத்துக்கொண்டு சொன்னாள். "நொட்டாங்கையால! நொட்டாங்கைய மேல போட்டுப் புடிச்சிட்டா மாமா! காலு... காலு வெச்சிட்டா!"

கயிறு தளர்ந்தது. அவர் எடுத்துக்கொண்டார். தளர்ந்தது, எடுத்துக்கொண்டார். நேரம் போனதே தெரியவில்லை. விளிம்பில் முதலில் ஐந்து விரல்கள் தெரிந்தன, பிறகு வியர்வை வழிகிற ஒரு முகம். மணிமொழி ஏறி வந்தாள். தோள்பட்டையில் சட்டை கிழிந்து ரத்தம் கசிந்தது. அவர் இழுத்ததால் வந்த காயம். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. நேரே அவரிடம் வந்து அவர் கையைத் தொட்டாள். கயிறு பிடித்தவர் கையைத் தொட்டால்தான் அந்த வீட்டில் ஏறி முடித்ததாகக் கணக்கு.

உள்ளங்கை ஈரமாக இருக்கவே திருப்பிப் பார்த்தாள். "ஐயோ மாமா, உரிஞ்சிபோச்சு."

"ஒனக்குந்தான்" என்றார் அவர். துண்டை எடுத்து அவள் தோளில் வைத்து அழுத்தினார். பிடியைத் தவறவிட்டதும் பதறாமல், எங்கே மாட்டியிருக்கிறோம் என்று பார்த்து, என்ன வேண்டும் என்று கணக்காகச் சொல்லி, பதறிப்போன பெரிய மனுஷனையும் சேர்த்துச் சமாளித்து ஏறி வந்திருக்கிற பெண். அவர் ஆலைக் கூட்டங்களைப் பார்த்தவர், பஞ்சாயத்துகளைப் பார்த்தவர். இப்படி ஒரு நிதானத்தை எங்கே பார்த்தோம் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

கண்ணகி இன்னும் மேலே வந்து சேரவில்லை. மணிமொழி இடுப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "மாமா, நான் உங்ககூட வரேன்" என்றாள்.

"எங்க?"

"உங்க ஊருக்கு. இஸ்கூலுக்கு. ராத்திரி பேசினது கேட்டுச்சு. அம்மாவ எல்லாரும் கேலி பண்றாங்க இல்ல. துணிய எடுத்து வெச்சிட்டேன்."

ஊரிலிருந்து புறப்பட்டு வந்தபோது கண்ணாயிரம் கேட்க ஆசைப்பட்ட பேச்சு இதுதான். இதற்காகத்தான் அத்தனை மரங்களைத் தாண்டினார். இப்போது அது தானாகக் கைக்கு வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கே கிளம்பிவிடலாம். அவர் அணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிமொழி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பதிலுக்காக அவள் நெளியவில்லை, திரும்பத் திரும்ப அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒனக்கு வரணும்னு இருக்குதா?" என்று கடைசியில் கேட்டார்.

"இல்ல மாமா."

"அப்பறம்?"

"நீங்க அவ்ளோ தூரம் சைக்கிள்ல வந்தீங்க இல்ல."

கண்ணாயிரம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பதை அதுவரை பார்த்திராத இசைவாணி திகைத்துப்போய், தானும் சிரித்தாள். "எனக்காக நீ வரவேணாம்மா" என்றார். "எட்டாவது பரீட்ச ஒங்கம்மா எழுத வெக்கறேன்னா. எழுது. அப்பறம் எங்க படிக்கணும்னு தோணுதோ, அன்னிக்கி எனக்கு ஆளு அனுப்பு. எந்த ஊரா இருந்தாலும் நான் வந்து சேத்து வுடறேன். அதுவரைக்கும் துணிய எடுத்து பொட்டியில வை."

அதற்குள் ஏறி வந்துவிட்ட கண்ணகி கடைசி வார்த்தைகளை மட்டும் கேட்டாள். மகளின் தோளைப் பார்த்தாள், அண்ணனின் கையைப் பார்த்தாள். பிறகு இசைவாணியிடம், "இன்னிக்கி இன்னா கத்துக்கின?" என்றாள்.

"மாமாவுக்கு முடிச்சு போடத் தெரியாது!"

"சரி. வேற?"

"கயிறு வுடத் தெரியும்" என்றாள் இசைவாணி, கொஞ்சம் யோசித்து.

மறுநாள் கண்ணாயிரம் தனியாகத் திரும்பினார். உள்ளங்கையில் கண்ணகி மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தாள். ஹாண்டில்பாரைப் பிடிக்க முடியாமல் பாதி வழி தள்ளிக்கொண்டே நடந்தார். மறியல் முடியும் என்று சொன்னார்கள், முடியாது என்றும் சொன்னார்கள். தன் ஊர் எல்லையில் மரம் அப்படியேதான் கிடந்தது. இலைகள் மட்டும் சுருண்டு பழுத்துப்போயிருந்தன. அதன் மேல் உட்கார்ந்திருந்த ஆட்கள் அவரைப் பார்த்ததும் எழுந்தார்கள். அய்யனார் முன்னால் வந்தான்.

"இன்னாண்ணே, மருமவள இட்டுக்கினு வரேன்னு போன? கேரியரு காலியா வருது?"

"அவ படிச்சிக்கினு இருக்கறா."

"எந்த இஸ்கூல்ல?"

கண்ணாயிரம் சைக்கிளை மரத்தில் சாய்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் பதில் சொல்ல நேரம் எடுப்பது அவர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை அவர் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவன் முகமாகப் பார்த்தார். சிரிக்கப்போகிறவன் யார் என்று பார்த்துவைத்துக்கொள்கிறவர் போல.

"எந்தங்கச்சிகிட்ட" என்றார். "வாத்தியாரம்மா அவ. வேணும்னா நீயும் ஒன் பொண்ண அனுப்பு அய்யனாரு, நல்லாச் சொல்லித் தருவா."

யாரும் சிரிக்கவில்லை. துணி சுற்றிய கையோடு அவர் தடுமாறுவதைப் பார்த்து, சைக்கிளின் பின்பக்கத்தை அய்யனாரே தூக்கிக் கொடுத்தான்.